ஜென்னில் எஸ்டீம் இன்ஜின் ஏற்றியாச்சு, எந்த ஆக்சில் மாட்டுவது?

காட்பாடி_ஜென்

வண்டி 2001 மாருதி ஜென், டிஎன் 23. மாருதி எஸ்டீம் காரின் 1.3 இன்ஜினும் அதோடு வந்த கியர்பாக்ஸும் ஏற்றியாச்சு. மவுன்ட் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. கியர்பாக்ஸ் பக்க மவுன்டுக்கு அடியில் மட்டும் 8 மி.மீ. பிளேட் ஒன்று கொடுக்க வேண்டி வந்தது. இப்போ வேலை ஆக்சிலில் (கியர்பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்கு இழுப்பைக் கொண்டுபோகும் தண்டு) வந்து நிற்கிறது.

கையில் ரெண்டு செட் இருக்கு. ஒன்று வண்டியிலிருந்து கழற்றிய ஜென் ஆக்சில். இன்னொன்று சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் இன்ஜினோடு சேர்த்துக் கொடுத்த எஸ்டீம் ஆக்சில், பூட் (ஜாயின்டை மூடும் ரப்பர் உறை) நாலும் கிழிசல். எஸ்டீமுடையது கண்ணுக்கே நீளமாகத் தெரிகிறது. லேத்துக்காரர், "நடுவுல அறுத்து, ஸ்லீவ் போட்டு வெல்டு வெச்சுத் தரேன், ஒண்ணும் ஆகாது" என்கிறார்.

கேட்க வேண்டியது இதுதான்: எந்த செட்டைப் போடுவது, நீளம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அந்த வெல்டை நம்பலாமா?

பாலாறு_கியர்

வெல்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் "ஜென் ஆக்சிலா, எஸ்டீம் ஆக்சிலா" என்கிற கேள்வியையே விடுங்க. ஆக்சில் என்பது ஒரே சாமான் இல்லை. உள் கப் (பார் முனையில் உள்ள மூணு ரோலர் இதற்குள்தான் ஓடும்) கியர்பாக்ஸுக்குச் சொந்தம். வெளி சிவி ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சீராகச் சுற்றும் மூட்டு) சக்கரம் மாட்டும் ஹப்புக்குச் சொந்தம். நடுவில் இருக்கும் பார் இந்த ரெண்டுக்கும் இடையில் உள்ள தூரத்துக்குச் சொந்தம். உங்க வண்டியில் கியர்பாக்ஸ் எஸ்டீம், ஹப் ஜென். அப்போ உள்ளே எஸ்டீம் கப், வெளியே ஜென் ஜாயின்ட். பார் எது என்பதை டேப்தான் சொல்லணும், பார்ட் நம்பர் இல்லை.

எஸ்டீம் பாடி அகலம் 1575 மி.மீ., ஜென் 1495. அதனால்தான் அந்த ஆக்சில் நீளமாகத் தெரிகிறது. ஆனால் 80-ஐ ரெண்டால் வகுத்து ஆக்சிலில் கழித்துவிடாதீங்க. இன்ஜின் உட்கார்ந்த இடம், சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் நீளம், ஹப் ஆழம் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

கப்பை கியர்பாக்ஸில் வைத்துப் பார்க்கும்போது மூன்று விஷயம் ஒத்துப்போகணும். கப்பின் தண்டில் வெட்டிய பல்லின் (ஸ்பிளைன்) எண்ணிக்கை ஒன்று. பல்லின் வெளி விட்டம் ரெண்டாவது, வெர்னியரில் பாருங்க; கையால் தள்ளினால் போகணும், உள்ளே போனபின் ஆட்டினால் லொடலொட என்று ஆடக்கூடாது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஆயில் சீலின் உதடு உட்காரும் பளபளப்பான பகுதியின் விட்டம். பல் பொருந்தி இந்த விட்டம் அரை மி.மீ. குறைந்தாலும் ஆயில் சொட்டும். கடைசியில் சீல் மேல் பழி போட்டு மூணு சீல் மாற்றுவீங்க. வெளி ஜாயின்டையும் ஹப்பில் இதே மாதிரி பல் எண்ணிப் பாருங்க. ஒரு பல்லில் பெயின்ட் வைத்து எண்ண ஆரம்பித்தால் குழப்பம் வராது.

இனி நீளம். ஆக்சிலை முழுசாக மாட்டி அளக்க முயலாதீங்க, ஒன்றும் தெரியாது. உள் கப்பை மட்டும் கியர்பாக்ஸில் லாக் விழும் வரை தள்ளுங்க. வெளி ஜாயின்டை மட்டும் ஹப்பில் ஏற்றி நட்டைக் கையால் இறுக்குங்க. நடுவில் பார் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ரெண்டு எலெக்ட்ரிக் பைப் துண்டை எடுத்து, ஒரு முனையைக் கப்பின் அடித்தரையிலும் மறு முனையை வெளி ஜாயின்டில் பார் போய் முட்டும் இடத்திலும் நீட்டி வையுங்க. ரெண்டும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. வெளியே எடுத்து அளந்தால் அதுதான் அந்த நிலையில் உங்களுக்கு இருக்கும் இடைவெளி.

இதை ஒரு தடவை எடுத்தால் போதாது. ஸ்டிரட்டிலிருந்து (முன் ஷாக் அப்சார்பர் தூண்) ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்டிரட்டை மாட்டுங்க. லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து வண்டி நிற்கும் உயரம், முழுசாக மேலே, முழுசாகக் கீழே என்று மூன்று நிலை. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் நேராக, இடது கடைசி, வலது கடைசி. ஒரு பக்கத்துக்கு ஒன்பது அளவு. எந்த நிலையில் இடைவெளி சுருங்கும் என்று ஊகிக்காதீங்க, ஆர்மின் கோணத்தைப் பொறுத்து மாறும். ஒன்பதில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று, இந்த ரெண்டும்தான் வேணும்.

கணக்குப் புரிய ஒரு உதாரணம் சொல்கிறேன். இவை சும்மா எண்கள், இதையே எடுத்துப் போட்டுவிடாதீங்க. சின்ன இடைவெளி 391, பெரியது 402 என்று வையுங்க. கப்புக்குள் மூணு ரோலரும் அடித்தரையிலிருந்து வாய் வரை ஓடும் தூரம் 40. அடியில் 5 மி.மீ. காலி இருக்கணும், அப்போ பார் 386-க்கு மேல் போகக்கூடாது. வாயிலிருந்து ரோலர் 5 மி.மீ. உள்ளே இருக்கணும், அப்போ 402-ல் 35 போக 367-க்குக் கீழே வரக்கூடாது. 367-க்கும் 386-க்கும் நடுவில் எது கிடைத்தாலும் ஓடும், ஆனால் 377 பக்கம் இருந்தால் நல்லது. இன்ஜின் ரப்பர் மவுன்டில் ஆடும்போது கியர்பாக்ஸும் சில மி.மீ. போய்வரும், அந்த ஆட்டத்துக்கும் இடம் வேணும்.

நீளம் கூடினால் பள்ளத்தில் இறங்கும்போது ரோலர் கப்பின் அடியில் போய் முட்டும். அந்த அடி டிஃபரன்ஷியல் பேரிங்குக்கும் கியர்பாக்ஸ் கேஸிங்குக்கும் போகும். குறைந்தால் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கும்போதே ரோலர் வாய்க்கு வெளியே வந்து பூட்டைக் கிழிக்கும். ரெண்டில் முதலாவதுதான் செலவு அதிகம் வைக்கும்.

முக்கியமாக, இந்த அளவெல்லாம் இன்ஜின் அதன் சொந்த மவுன்டில் பாரம் இறங்கி உட்கார்ந்தபின் எடுக்கணும். செயின் பிளாக்கில் தொங்கும்போது எடுத்த அளவைத் தூக்கிப் போட்டுடுங்க.

காட்பாடி_ஜென்

ரொம்ப நன்றி அண்ணா. பைப் வைத்து அளந்தேன். குட்டை ஆக்சில் வரும் பக்கம் எஸ்டீம் பார் நீங்க சொன்ன எல்லைக்குள்ளேயே வருகிறது. நீட்டு ஆக்சில் வரும் பக்கம் எஸ்டீம் பார் மேல் எல்லையை 6 மி.மீ. தாண்டுகிறது. பார் முனையில் அந்த 6-ஐ மட்டும் கிரைண்டரில் தட்டிவிட்டால் வெல்டே தேவையில்லையே? அப்புறம் அந்த 8 மி.மீ. பிளேட் ஏதாவது தொந்தரவு பண்ணுமா?

ராணிப்பேட்டை_லேத்து

முனையைத் தட்டலாம் என்பதை மறந்துடுங்க. அந்த முனையில்தான் மூணு ரோலரும் மாட்டியிருக்கும் ஸ்பைடரைப் பிடித்துக்கொள்ளும் லாக்கின் பள்ளம் இருக்கு. அதை எடுத்தால் ஸ்பைடர் எதில் நிற்கும்? உள்ளே தள்ளி புதுப் பள்ளம் வெட்டலாம் என்பீங்க. பார் மேற்பரப்பு இண்டக்ஷன் ஹார்டனிங் (மின்சூட்டில் கடினமாக்குவது) செய்தது. சாதாரண டூல் வழுக்கும், கார்பைடில் வெட்டினாலும் பள்ளத்தின் மூலை கூர்மையாக நிற்கும். முறுக்கு ஏறும் இடத்தில் கூர் மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

அறுத்து வெல்டு வைப்பதைப் பற்றி. பார் நடுத்தரக் கார்பன் இரும்பு. வெல்டு சூடு பட்டு உடனே ஆறும் இடம் கண்ணாடி மாதிரி முறுகிவிடும். அதற்கு ஒட்டிய ரெண்டு விரல் அகலத்தில் ஏற்கெனவே இருந்த ஹார்டனிங் இளகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் ஒன்று முறுகல், ஒன்று இளக்கம். மேலே ஸ்லீவ் போட்டால் பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் ஸ்லீவ் முடியும் விளிம்பில் முறுக்கு வந்து குவியும். உடைவது அங்கேதான். அதோடு பார் கொஞ்சம் கோணினால் போதும், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் உதறும். உடைந்த பார் சுற்றும்போது பிரேக் ஹோஸை அடித்துக்கொண்டு போகும். வேகத்தில் போகும்போது ஒரு முன் சக்கரம் இழுப்பை விடுவது ஒரு ஆபத்து, பிரேக் ஆயில் போவது இன்னொன்று.

சரியான வழி ரெண்டுதான். ஜென் பாரின் ஸ்பைடர் பக்கப் பல், எஸ்டீம் ஸ்பைடரில் பொருந்துகிறதா என்று எண்ணிப் பாருங்க. பொருந்தி, நீளமும் எல்லைக்குள் வந்தால் ஜென் பார், எஸ்டீம் ஸ்பைடர், எஸ்டீம் கப், ஜென் வெளி ஜாயின்ட் என்று கலவை கட்டிவிடலாம். இதில் தப்பே இல்லை. ரெண்டு பக்கமும் கம்பெனிப் பல், கம்பெனி ஹார்டனிங்.

பொருந்தவில்லை என்றால் புது பார் செய்யணும். ஈஎன்24 (ஒரு வகை அலாய் இரும்பு) ராடு எடுத்து, பல்லை ஹாபிங்கில் (சுழலும் கட்டரால் பல் வெட்டும் மெஷின்) வெட்டி, ஹார்டன் செய்து டெம்பர் பண்ணணும். மில்லிங் மெஷினில் ஒவ்வொரு பல்லாக வெட்டித் தருவார்கள், வேண்டாம். பல் அடியில் வளைவு கிடைக்காது. டிராயிங் கொடுக்கும்போது எழுதியே கொடுங்க: பாரின் உடம்பு விட்டம், பல்லின் அடி விட்டத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கணும். உடம்பு தடியாக இருந்தால் பலம் என்று நினைப்பார்கள். முறுக்கு வரும்போது நீளமான உடம்பு கொஞ்சம் முறுகி வாங்கிக்கணும், இல்லாவிட்டால் மொத்தமும் பல்லின் அடிக்குப் போய்விடும். ஹார்டனிங் முடிந்து வந்ததும் ரெண்டு சென்டருக்கு நடுவில் வைத்து டயல் கேஜில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீங்க, சூட்டில் கோணும். சிப்காட் பக்கம் ஹாபிங் ஜாப் எடுப்பவர்களை விசாரியுங்க. ஒற்றை பீஸ் என்றால் முகம் சுளிப்பார்கள், கூட ஒன்று ஸ்பேர் சொல்லிவிட்டால் வேலை நடக்கும்.

பாலாறு_கியர்

8 மி.மீ. பிளேட் விஷயம். ஜாயின்டிலிருந்து ஜாயின்டுக்கு 350 மி.மீ. என்று வைத்தால் கியர்பாக்ஸ் 8 உயர்ந்ததால் நீளத்தில் 1 மி.மீ. அளவுதான் மாறும், கவலை வேண்டாம். ஆனால் கோணம் 1.3 டிகிரி கூடும். மூணு ரோலர் ஜாயின்டுக்கு நேராக ஓடும் நேரத்தில் கோணம் 7, 8 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி இடமும் வலமுமாக நடுங்கும். ஒரு சுற்றுக்கு மூணு உதறல், ரோலர் மூணு இருப்பதால். காலை எடுத்ததும் நின்றுவிடும். இப்படி வந்தால் வீல் பேலன்சிங் கடைக்கு ஓடாதீங்க, அந்த பிளேட்டைக் குறைக்க வழி பாருங்க. குட்டை பக்கத்தில் இது இன்னும் மோசம், அதே உயரத்துக்கு அங்கே கோணம் அதிகம். முன் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தும் எண்ணம் இருந்தால் கோணத்தைத் திரும்பவும் பாருங்க.

சத்துவாச்சாரி_மெக்

அளவெல்லாம் அண்ணனுங்க சொல்லிட்டாங்க. மாட்றதுல எங்க சொதப்புவாங்கன்னு நான் சொல்றேன்.

ரெண்டு ஆக்சிலயும் ஒரே நேரத்துல உருவி வெச்சிக்கினு வண்டிய ஆட்டாத தம்பி. சில கியர்பாக்ஸ்ல உள்ள இருக்கிற சைடு கியர் நகர்ந்து போயிடும், அப்புறம் பல்லு நேரா வராது. ஒரு பக்கம் பழைய கப்ப சொருகி வெச்சிட்டு இன்னொரு பக்கம் வேல பாரு. அதே மாதிரி ஆக்சில் இல்லாம ஹப்புல வண்டி பாரத்த எறக்கக் கூடாது. வீல் பேரிங்க ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிக்கிறதே அந்த ஜாயின்டும் நட்டும்தான். தள்ளிக்கினு போகணும்னா வெளி ஜாயின்ட மட்டும் போட்டு நட்ட இறுக்கிட்டு தள்ளு.

கழட்டும்போது பார்ல கைய வெச்சு இழுக்காத. ரோலர் கப்ப விட்டு வெளிய வந்துடும், பூட் கிழியும். கேஸிங்குக்கும் கப்புக்கும் நடுவுல டயர் லிவர் ரெண்ட எதிரெதிரா வெச்சு ஒரு நெம்பு. லிவர் சீல் மேல படாம பாத்துக்க.

கப்பு முனையில இருக்கிற வளைய லாக்க ஒவ்வொரு தடவையும் புதுசு போடு. அது பத்து ரூபா சாமான், அதுல மிச்சம் புடிக்காத. கொஞ்சம் கிரீஸ் தடவி நடு சென்டர்ல நிக்க வெச்சு, வாய் கீழப் பக்கம் பாத்தாப்ல சொருவு. சீல் உதட்டுல கியர் ஆயில் தடவு. காஞ்ச சீல்ல ஏத்துனா உதடு மடிஞ்சுக்கும், உள்ள இருக்கிற ஸ்பிரிங் கழண்டு விழும். பல்லு சீல் மேல உராயாம ஒரு கையால தூக்கிப் புடிச்சிக்கினு உள்ள விட்டு, கடைசி அரை இஞ்சுக்கு ஒரே தள்ளு. டக்குனு ஒரு சத்தம் வரும், கையிலயே தெரியும். வந்துச்சான்னு சந்தேகமா? கப்ப மட்டும் புடிச்சு வெளிய இழு. ஒண்ணு ரெண்டு மி.மீ. ஆடி நின்னா லாக் விழுந்துடுச்சு. இழுத்த இழுப்புக்கு வந்தா விழல. சுத்தியால அடிச்சு ஏத்துறவன் கிட்ட வண்டிய குடுக்காத.

பூட் நாலும் புதுசு போடு. கிழிஞ்ச பூட்டோட இருந்த ஜாயின்ட்ல மண்ணு போயிருக்கும். பழைய கிரீஸ ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பாரு, நறநறன்னா அந்த ஜாயின்ட் வேணாம். கப்போட மூணு தடத்துலயும் நகத்த ஓட்டு, நகம் மாட்டினா அதுவும் வேணாம். நல்லா இருந்தா மண்ணெண்ணெயில கழுவி, சுத்தமா காயவிட்டு மாலிப்டினம் கலந்த சிவி கிரீஸ் போடு. பூட் கிட்டுல வர்ற பாக்கெட் கிரீஸ் முழுசும் போவணும், பாதி ஜாயின்ட்லயும் பாதி பூட்டுலயும். வீல் பேரிங் கிரீஸ போட்டு ஒப்பேத்தாத. சின்ன கிளாம்ப இறுக்குறதுக்கு முன்ன பூட் வாயில ஒரு ஸ்குரூ டிரைவர விட்டு உள்ள அடைஞ்ச காத்த வெளிய விடு. இல்லன்னா பூட் பலூன் மாதிரி உப்பிக்கினோ சப்பிக்கினோ நிக்கும், பத்து நாள்ல மடிப்புல வெடிக்கும்.

ஹப் நட்டு புதுசு. டார்க் ரென்ச்சுல கம்பெனி மேனுவல் அளவு வை, இந்த சைஸ் வண்டிங்களுக்குப் பெரும்பாலும் 150-லேர்ந்து 200 நியூட்டன் மீட்டருக்குள்ள இருக்கும். பைப் போட்டுத் தொங்குறது அளவு இல்ல. வண்டி தரையில நிக்கும்போது ஒருத்தர் பிரேக் மிதிச்சிக்கணும், அப்பதான் கடைசி இறுக்கு. அப்புறம் நட்டு உதட்ட மழுங்கின உளியில பள்ளத்துக்குள்ள தட்டு, இல்ல ஸ்பிலிட் பின் இருந்தா புதுசா போடு. கியர்பாக்ஸ்ல 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கியர் ஆயில், லெவல் பிளக்ல வழியற வரைக்கும்.

இன்னொண்ணு, இன்ஜின் மாத்துன வண்டில ஸ்பெஷலா வர்றது. எஸ்டீம் சைலன்சர் டவுன் பைப் எங்க போவுதுன்னு பாரு. உள் பூட்டுக்குப் பக்கத்துல போனா நம்ம ஊர் சித்திரை வெயில்ல அந்த ரப்பர் பப்படம் ஆயிடும். நாலஞ்சு செ.மீ. இடைவெளி விட்டு, நடுவுல தகடு ஒண்ணு கட்டு.

காட்பாடி_ஜென்

பூட் எல்லாம் புதுசு சொல்லிட்டேன். நீட்டு பக்கத்துக்கு ரெடிமேட் ஆக்சில் ஒன்று பாதி விலையில் ஆன்லைனில் கிடைக்கிறது, முழு அசெம்பிளி. அதை வாங்கி அந்த பாரைப் பயன்படுத்தலாமா?

ராணிப்பேட்டை_லேத்து

அதன் பார் நீளத்தை முதலில் கேட்டு வாங்குங்க. "ஜென்னுக்குப் பொருந்தும்" என்பது உங்களுக்கு உதவாது, உங்க வண்டி இப்போ ஜென்னும் இல்லை, எஸ்டீமும் இல்லை. விலை மலிவான அசெம்பிளியில் பெரும்பாலும் போவது வெளி ஜாயின்டின் கேஜ் என்கிற குண்டுக்கூடு. ஆறு குண்டும் உட்காரும் ஜன்னல் சீக்கிரம் தேய்ந்து, குண்டு சத்தம் போட ஆரம்பிக்கும். உங்க பழைய ஜென் வெளி ஜாயின்ட் சுத்தமாக இருந்தால் அதையே வையுங்க.

சத்துவாச்சாரி_மெக்

அதோட நான் ஒத்துப்போறேன், ஆனா ஒரு திருத்தம். ஜென் ஜாயின்ட் 993 சிசி இன்ஜினுக்குச் செஞ்சது. இப்ப மேல உக்காந்திருக்கறது 1298 சிசி, 85 பிஎச்பி. முழுசா ஸ்டியரிங்க ஒடிச்சிக்கினு ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச்ச சட்டுனு விடாத, அவ்ளோதான். மெதுவா எடுத்தா தாங்கும்.

கோட்டை_ஆர்சி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் யாரும் சொல்லாததால். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே மாடல், அதே சிசி இன்ஜினை மாற்றி ஆர்டிஓவில் நம்பரைப் பதிவது வேறு. சிசி மாறுவது வேறு. 2001 வண்டி என்றால் 15 வருஷம் தாண்டி ஆர்சி புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருப்பீங்க. அடுத்த புதுப்பித்தலில் சேஸிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள். இன்ஜின் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு, வண்டி ரோட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்க. ஆர்சியோடு ஒத்துப்போகாத வண்டிக்கு விபத்தில் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

பாலாறு_கியர்

அது முக்கியமான விஷயம், வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்க.

மாட்டி முடித்ததும் சோதனை. முதலில் ஜாக்கியில் வண்டியைத் தூக்கி சக்கரம் தொங்கும்போது கையால் சுற்றுங்க, எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நிறுத்துங்க. பிறகு காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து நடை வேகத்தில் வட்டம், ரெண்டு பக்கமும். கட் கட் என்றால் வெளி ஜாயின்ட். ஃபர்ஸ்டிலிருந்து ரிவர்ஸ் மாற்றும்போது ஒரு 'டொக்' என்றால் உள் கப் தேய்மானம், இல்லை பல் ஆட்டம். 40-லிருந்து 70-க்கு மிதிக்கும்போது மட்டும் நடுக்கம் என்றால் நான் சொன்ன கோணம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உதறினால்தான் வீல் பேலன்சிங், இல்லை கோணின பார்.

இதெல்லாம் தேறின பிறகு ஏலகிரி ஏறுங்க. 14 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது இன்னொரு 14. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் ஒடிந்தபடியே முறுக்கு ஏறும், அதைவிட நல்ல டெஸ்ட் பெஞ்ச் இந்தப் பக்கத்தில் இல்லை. இறங்கி வந்ததும் முன் ரெண்டு வீலையும் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்க. வட்டமாகக் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் வெளி பூட் கிளாம்ப் இறுகவில்லை. கியர்பாக்ஸ் அடியில் சீல் பக்கம் ஒரு பழைய வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்க. உள் பூட்டின் பெரிய கிளாம்பைக் கழற்றி ரோலர் கப்பின் அடியில் எங்காவது முட்டின பளபளப்புத் தெரிகிறதா என்றும் பார்த்துவிட்டு, புது கிளாம்ப் போட்டு மூடுங்க.